ஸ்டீல் கிட்டாருக்கு ரேக் வாங்கிய கதை

குளியலறையில் இருந்த எடைக் கருவியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, என் ஸ்டீல் கிட்டாரின் ஒலிக் கருவிகளை அடுக்கிவைக்கப் புதிதாக வாங்கிய ரேக் பெட்டியை அதன்மேல் ஏற்றினேன். 41 கிலோ காட்டியது. "பழையது எவ்வளவு?" என்று மனைவி கேட்டார். 27 கிலோ. கிட்டார் ஒலியைப் பெருக்கும் பழைய ஆம்பைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது என்று புலம்பித்தான் இந்த ரேக்கை வாங்கச் சம்மதம் பெற்றிருந்தேன். அந்த 41 கிலோவில் ஸ்பீக்கர் சேரவில்லை என்பதை அன்று நான் அவரிடம் சொல்லவில்லை.

நான் டெக்சஸில் இருக்கிறேன். வேலைக்காக வந்தவன். வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு நடனக் கூடத்துக்கு அலுவலக நண்பர்கள் இழுத்துச் சென்றார்கள். மேடை ஓரத்தில் ஒருவர் மேசை போன்ற ஒன்றின்முன் உட்கார்ந்து, இடது கையில் பிடித்த உருண்டையான எஃகுத் துண்டைத் தந்திகளின்மேல் வழுக்கிக்கொண்டிருந்தார். கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்த காது எனக்கு. மெட்டுக்கட்டைகளே இல்லாமல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகும் அந்த வித்தை தெரிந்ததுதான். ஆனால் மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டி, ஒன்றை அப்படியே நிறுத்தி, மற்ற இரண்டின் சுருதியை மட்டும் காலால் ஏற்றியதைக் கேட்டபோது நடனமாடவந்த கூட்டத்தின் நடுவில் மரம்போல நின்றுவிட்டேன். அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். நாற்பதைக் கடந்தபின் கற்கத் தொடங்கினேன். பத்துத் தந்தி, ஈ9 என்கிற சுருதி அமைப்பு, இடது காலுக்கு மூன்று பெடல், முழங்கால்களுக்கு நான்கு நெம்புகோல். வலது காலுக்கு வால்யூம் பெடல்.

இந்த வலது காலில்தான் என் கதை முழுவதும் இருக்கிறது. ஆம்ப் தேடும்போது நான் கடைசியாக யோசித்தது அதைத்தான்.

மற்ற கிட்டார் வாசிப்பவர்களுக்கு வால்யூம் பெடல் ஒரு வசதி. ஸ்டீல் வாசிப்பவருக்கு அது வயலின் வில். பெடலைப் பாதி அழுத்தத்தில் வைத்துத் தந்தியை மீட்டுகிறோம். ஒலி தேயத் தேயக் காலை மெல்ல முன்னால் தள்ளுகிறோம். தேய்வது காதுக்குத் தெரிவதில்லை, வயலின்போல நீள்கிறது. அப்படியானால், பெடல் பாதியில் இருக்கும்போதே ஒலி கூடத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். மீதிப் பாதி சேமிப்பு. கால் முன்னால் போயிருக்கும் நேரத்தில் விரல் அடுத்த தந்தியை மீட்டினால் அந்த அடி முழுதாக ஆம்புக்குள் பாய்கிறது. அதைத் தாங்கும் வலு இல்லாத ஆம்ப் அங்கே கரகரக்கும். ஒற்றைச் சுரத்தில் அந்தக் கரகரப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், சிலருக்குப் பிடிக்கவும் செய்யும். மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது கரகரப்பிலிருந்து நாம் வாசிக்காத சுரங்களும் முளைக்கின்றன. எஃகுத் துண்டை மயிரிழை துல்லியத்தில் வைத்திருந்தாலும் கேட்பவர் சுருதி பிசகியது என்றுதான் நினைப்பார்.

கணக்கு எளிது. சராசரி ஒலிக்கு மேல் 10 டெசிபல் சேமிப்பு வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். வழக்கமாக 15 வாட்டில் ஓடும் ஆம்புக்கு உச்சத்தில் 150. கிட்டார்காரர்கள் 20 வாட் வால்வு ஆம்பை வைத்துக்கொண்டு கூடத்தை அதிரவைக்கும்போது, நாங்கள் மட்டும் ஏன் 210 வாட் பீவி நாஷ்வில் 400 போன்ற பாறாங்கற்களைச் சுமக்கிறோம் என்பதற்கு இதுதான் விடை. 85 வாட் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் கூடப் பெரிய கூடங்களில் மூச்சுவாங்கும். சந்தையில் வெற்றி பெற்ற முதல் மின்சார கிட்டார் 1932-இல் வந்த ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் அலுமினிய 'வாணலி' ஸ்டீல். மடியில் வைத்து வாசிப்பது. பிறக்கும்போதே ஆம்புடன் ஒட்டிப் பிறந்த வாத்தியக் குடும்பம் இது.

ரேக் பற்றித் தெரியாதவர்களுக்கு: 19 அங்குல அகலத்தில் இரும்புச் சட்டம். அதில் அடுக்கும் கருவிகளின் உயரத்தை 'யூ' என்று அளக்கிறார்கள். ஒரு யூ 1.75 அங்குலம். ஒரே பெட்டிக்குள் எல்லாம் அடங்கிய காம்போவுக்குப் பதில், ஒலியின் குணத்தை அமைக்கும் ப்ரீஆம்ப் ஒன்று, எதிரொலி போன்றவற்றைச் சேர்க்கும் எஃபெக்ட் ஒன்று, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் ஒன்று என்று பிடித்ததைப் பிடித்த இடத்தில் வாங்கி அடுக்கிக்கொள்ளலாம். 1990-களில் ஸ்டீல் வாசிப்பவர்கள் பலர் பீவி ப்ரோஃபெக்ஸ் II போன்ற கருவிகளோடு இந்த வழிக்கு வந்தார்கள். பாரத்தைப் பிரித்துத் தூக்கலாம், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம் என்பது கொள்கை. கொள்கை சரிதான். நான் வாங்கியதோ 10 யூ மரப்பெட்டி. காலி இடம் இருந்தால் மனிதனுக்கு அதை நிரப்பத் தோன்றும். மின்கண்டிஷனர், டியூனர், ப்ரீஆம்ப், மேல்சுரம் கீழ்ச்சுரங்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர், இரண்டு எஃபெக்ட் கருவிகள், பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் ஆம்ப், மேலே ஓர் இழுப்பறை வேறு. விரலில் மாட்டி மீட்டும் நகம், எஃகுத் துண்டு, துணி வைக்க இழுப்பறையாம்.

முதல் நாள் ஒலி எப்படி இருந்தது என்றால், கிட்டாருக்குக் கம்பளி போர்த்தியதுபோல இருந்தது. ப்ரீஆம்பின் மேல்சுரக் குமிழை முழுதாகத் திருகியும் பயனில்லை. ஒரு வாரம் ஈக்குவலைசரோடு மல்லுக்கட்டினேன். கேபிளை மாற்றினேன், தந்தி மாற்றினேன். குற்றவாளி முதல் பிளக்கிலேயே இருந்தான்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில், ஸ்டீல் கிட்டாரைப் பொறுத்தவரை, கம்பிச் சுற்று அதிகம். மின்தடை 17 கிலோ ஓம், 18 கிலோ ஓம் என்பது சாதாரணம். அதன்பின் 500 கிலோ ஓம் பாட் (திருப்பினால் மாறும் மின்தடை) உள்ள வால்யூம் பெடல். இந்த ஜோடிக்கு எதிரில் இருக்கும் கருவியின் நுழைவாயில் ஒரு மெகா ஓம் அளவில் இருந்தால்தான் மேல்சுரங்கள் உயிரோடு போய்ச் சேரும். நான் வாங்கியிருந்தது ஒலிப்பதிவுக் கூடத்துக்கான ப்ரீஆம்ப். அதன் பின்பக்க லைன் உள்ளீடு 10 கிலோ ஓம்தான். மெல்லிய நூலில் பாறையைக் கட்டியதுபோல அது பிக்கப்பை இழுத்துக்கொண்டிருந்தது. பெடலை மேலே தூக்கும்போது ஒலி குறைவதோடு மங்கவும் செய்ததைக் கவனித்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

தீர்வு பஃபர் என்கிற சின்னப் பெட்டி. கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவில் அதை வைத்தால் பிக்கப் லேசான பாரத்தை மட்டும் பார்க்கும். அதற்குப் பின் வரும் கேபிளின் நீளம் பிக்கப்பைப் பாதிக்காது. ஸ்டீல் உலகில் இதற்கென்றே கருவிகள் உண்டு. குட்ரிச் மேட்ச்பாக்ஸ் பழையது. செயின்ட் லூயிஸின் சார்னோ நிறுவனம் செய்யும் வால்வு வைத்த 'பிளாக் பாக்ஸ்' பலருக்குப் பிடித்தது. அந்தப் பாட் என்கிற பாகமே இல்லாத ஹில்டன் பெடல் போன்ற மின்னணுப் பெடல்களில் பஃபர் உள்ளேயே இருக்கிறது. ரேக்கில் நான் கொட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் பஃபரின் விலை அற்பம். அது செய்த வேலையை ரேக்கில் வேறெந்தக் கருவியும் செய்யவில்லை. ஒன்று மட்டும்: பஃபர் வைத்ததும் ஒலி திடீரென்று கூர்மையாகிக் காதைக் குத்தும். ஈக்குவலைசரை மங்கிய ஒலிக்காகத் திருகியிருந்தால் எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அடுத்து வந்தது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம். அமெரிக்க மின்சாரத்தின் சொந்தச் சுருதி. ஸ்டீல் கிட்டார்களில் ஒற்றைச் சுருள் பிக்கப் நிறைய. எந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கண்டாலும் வரவேற்கும். கிட்டார்காரர் திரும்பி நின்று தப்பித்துக்கொள்வார். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கால்கள் வைத்த மேசையாக அது தரையில் நிற்கிறது. குமிழ்கள் கைக்கெட்ட வேண்டுமென்று ரேக்கை இடது பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். பவர் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் பிக்கப்பிலிருந்து இரண்டடி. ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளியதும் பாதி ரீங்காரம் ஒழிந்தது.

மீதிப் பாதி ரேக் சட்டத்தின் கொடை. எல்லாக் கருவிகளின் உலோக உடல்களும் திருகுகள் வழியாக ஒரே சட்டத்தில் தொட்டுக்கொள்கின்றன; ஒலிக் கேபிளின் கவசம் வழியாகவும் தொட்டுக்கொள்கின்றன; மின்கம்பியின் மூன்றாம் முனை வழியாகவும் தொட்டுக்கொள்கின்றன. இத்தனை பாதைகள் இருந்தால் அவற்றுக்குள் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓடும், அதைத்தான் நாம் கேட்கிறோம். கருவியின் காதுப்பகுதிக்கும் சட்டத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் வாஷர்கள் போட்டேன், போய்விட்டது. இதற்குப் பலர் பரிந்துரைக்கும் இன்னொரு வைத்தியம் பிளக்கின் மூன்றாம் முனையை வெட்டிவிடுவது. தயவுசெய்து வேண்டாம். கையில் எஃகுத் துண்டையும் எஃகுத் தந்தியையும் பிடித்து, காலை உலோகப் பெடலில் வைத்திருப்பவர் நாம். அந்த முனை நம் உயிருக்கானது.

வீட்டில் எல்லாம் சரியான பிறகு நடனக் கூடத்துக்குப் போனேன். பியர் விளம்பர நியான் விளக்குகள் எரிந்தன. ரீங்காரம் திரும்ப வந்தது. அதற்கு ரேக்கில் மருந்து இல்லை. வாசிக்காத நேரத்தில் வால்யூம் பெடலைத் தூக்கி வைப்பதுதான் வழி. கூடத்துக்காரரைக் கெஞ்சி மேடையருகே உள்ள ஒன்றை மட்டும் அணைக்கச் சொல்லலாம். எனக்குப் பத்தில் மூன்று முறை பலித்திருக்கிறது.

அன்று நடந்த பெரிய அவமானம் வேறு. பவர் ஆம்பில் இரண்டு சேனல்கள். இரண்டையும் பிரிட்ஜ் முறையில் இணைத்தால் ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டின் வலுவும் போகும் என்று படித்திருந்தேன். என்னிடமிருந்த 15 அங்குல ஸ்பீக்கர் 4 ஓம். பிரிட்ஜில் 4 ஓம் மாட்டினால் ஒவ்வொரு சேனலும் 2 ஓம் பாரத்தைப் பார்க்கிறது; ஓம் குறையக் குறைய ஆம்புக்குப் பாரம் கூடும். என் ஆம்ப் பிரிட்ஜில் 8 ஓமுக்குக் குறையக் கூடாதென்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆகஸ்ட் மாத டெக்சஸ், திறந்த கூடம், மின்விசிறிகள் மட்டும். மூன்றாவது பாட்டு, மெல்லிய வால்ஸ், முழுக்க என் தோளில் நிற்கும் பாட்டு. முதல் சரணம் முடிந்து என் முறை வந்தபோது ஆம்பின் பாதுகாப்புச் சிவப்பு விளக்கு எரிந்து, ஒலி நின்றது. கூடத்தில் ஐம்பது ஜோடிகள் என் மௌனத்துக்கு ஆடினார்கள். பிடில்காரர் நிலைமையைப் புரிந்து, என் பகுதியையும் சேர்த்து வாசித்துக் காப்பாற்றினார்.

வாட் எண்ணைப் பார்த்து வாங்காமல், எத்தனை ஓமில் அந்த வாட் என்று பார்த்து வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது. ஒரே சேனலில் 4 ஓமுக்கு 200 வாட்டுக்கு மேல் தரும் ஆம்ப் இருந்தால் பிரிட்ஜ் பக்கமே போக வேண்டியதில்லை. வாட் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபல்தான் என்பதையும் நினைவில் வைத்தால் 800 வாட் ஆசை தானாக அடங்கும். அதைவிட, ஒரு வாட்டுக்கு 3 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கரைத் தேடுவது மலிவு.

இடைவேளையில் எழுபது வயதைத் தாண்டிய மூத்த ஸ்டீல் வாசிப்பாளர் ஒருவர் என் ரேக்கைச் சுற்றி நடந்து பார்த்தார். நாற்பது ஆண்டுகளாக இந்தக் கூடங்களில் வாசிப்பவர். "விளக்குகள் அழகாக இருக்கின்றன தம்பி" என்கிற தொனியில் ஏதோ சொன்னார். பிறகு அவருடைய ஆம்பைக் காட்டினார். ஒரே ஒரு கேபிள் உள்ளே போயிற்று. நடுச்சுரக் குமிழ் இடப்பக்கம் சரிந்திருந்தது, அதன் அலைவெண் 800 ஹெர்ட்ஸ் அருகில். அவ்வளவுதான்.

அந்த 800 ஹெர்ட்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஸ்டீல் கிட்டாரில் அந்த வட்டாரத்தில் மூக்கால் பேசுவதுபோல ஒரு தன்மை இருக்கிறது. அதைக் குறைத்தால் ஒலி இனிக்கிறது. ரேக்கில் பாராமெட்ரிக் ஈக்குவலைசர் வைத்திருந்த எனக்கு, எந்த அலைவெண், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என மூன்று குமிழ்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆழமாக வெட்டினேன். ஆகா, தேன். அதே அமைப்போடு இசைக்குழுவில் வாசித்தால் நான் இருப்பதே தெரியவில்லை. நான் வெட்டி எறிந்த நடுச்சுரத்தில்தான் மற்றவர்களின் ஊடே வழி திறக்கும் வலு இருந்தது. தனியாகக் கேட்டால் இனிப்பது வேறு, கூட்டத்தில் கேட்பது வேறு. இப்போது வெட்டு இருக்கிறது, ஆனால் அகலமாக, 4 அல்லது 5 டெசிபல் ஆழத்தில். வீட்டில் கேட்டால் சற்று மூக்கடைப்புதான். இருக்கட்டும்.

ஸ்டீரியோவையும் முயன்றேன். இரண்டு ஸ்பீக்கர், ரிவெர்ப் என்கிற எதிரொலி இடமும் வலமும் விரிந்து, நடுவில் நான் ராஜாவாக. அந்தச் சுகம் நடுவில் உட்கார்ந்த எனக்கு மட்டும். இடப்பக்கம் நிற்கும் பாடகருக்கு ஒரு ஸ்பீக்கர்தான் கேட்கும். கூடத்தின் ஒலியமைப்பு மோனோ, எல்லாம் ஒரே தடத்தில். அங்கே என் கோரஸ் எஃபெக்டின் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று தின்று, ஒலி சோனியாகிவிட்டது. ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் காரில் ஏற்றாமல் விட்டதில் எனக்கு எந்தத் துக்கமும் இல்லை.

எஃபெக்ட் கருவிகளில் இன்னொரு பொறி உண்டு. கால்மிதி எஃபெக்ட்கள் கிட்டார் அளவு மின்னழுத்தத்துக்குச் செய்தவை. ரேக் கருவிகளுக்கிடையே ஓடுவது அதைவிட வலுவான லைன் அளவு. தொழில்முறைக் கருவிகளில் +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட். ஒலியைச் சற்றுப் பிந்தித் திரும்பத் தரும், எனக்குப் பிடித்த ஒரு டிலே பெடலை நடுவில் செருகினேன், ஒவ்வொரு அடிக்கும் அது தும்மியது. சில ரேக் கருவிகளின் பின்பக்கம் −10, +4 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் தப்பாக வைத்தால் ஒரு பக்கம் கரகரப்பு, மறுபக்கம் இரைச்சல். வாங்கும்போது அந்த சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். நேரான ஒலி டிஜிட்டலுக்குள் போகாமல் தனியாகப் போய், ரிவெர்ப் மட்டும் அதில் கலக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. எஃபெக்ட் கருவி உறைந்துபோனாலும் ஸ்டீல் ஒலிக்கும். பழைய கருவிகளில் அமைப்புகளை நினைவில் வைக்க உள்ளே ஒரு பேட்டரி இருக்கும். என்னுடையது ஒரு சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் மறந்துவிட்டது. அதிலிருந்து என் அமைப்புகளைக் காகிதத்தில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

சில்லறை விஷயங்கள். மின்கண்டிஷனர் என்று பெயர் வைத்த 1 யூ கருவிகளில் பெரும்பாலானவை மின்னழுத்தத்தைச் சீராக்குவதில்லை. திடீர் உச்சங்களையும் கொஞ்சம் இரைச்சலையும் தடுக்கும், அவ்வளவே. ஜெனரேட்டரில் ஓடும் திறந்தவெளி விழாவில் 120 வோல்ட் 105-க்கு இறங்கினால் அது வேடிக்கை பார்க்கும். ஆனால் அதில் இழுத்து வெளியே கொண்டுவரும் குட்டி விளக்கு இருந்தால் இருட்டு மேடையில் அதற்கு ஈடில்லை. பை வாங்கும்போது ஆழத்தை அளந்து பாருங்கள். 14 அங்குலப் பையில் 16 அங்குல பவர் ஆம்ப் நுழையாது, நுழைந்தாலும் பிளக் மாட்ட இடம் இராது. பாரமான ஆம்பை முன்பக்கத் திருகுகளில் மட்டும் தொங்கவிட்டால் நெடுஞ்சாலைக் குலுக்கலில் காது வளைந்துவிடும், பின்பக்கமும் தாங்கல் வேண்டும். அமெரிக்க ரேக் திருகுகள் பெரும்பாலும் 10-32 என்கிற அளவு. நான்கைந்து உபரியாகப் பையில் இருக்கட்டும், திருப்புளியும்.

ஒன்றரை ஆண்டில் 10 யூ பெட்டியை விற்றேன். வாங்க வந்த இளைஞரிடம் முதலில் தூக்கிப் பாருங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை, விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேராகச் சேர்ந்து அவருடைய டிரக்கில் ஏற்றினோம். இழுப்பறையையும் சேர்த்தே கொடுத்தேன்.

இப்போது இருப்பது 4 யூ துணிப்பை. இந்த முறை பின்னாலிருந்து முன்னால் வந்தேன். முதலில் ஸ்பீக்கர்: 15 அங்குலம், காந்தம் நியோடைமியம், பழைய ஃபெர்ரைட் காந்த ஸ்பீக்கரின் எடையில் பாதிகூட இல்லை. பிறகு அதன் ஓமுக்கு ஏற்ற, வகுப்பு டி என்கிற லேசான வகைப் பவர் ஆம்ப், ஒற்றைக் கையால் தூக்கலாம். பிறகு ஸ்டீலுக்கென்றே செய்த, உள்ளீடு ஒரு மெகா ஓம் உள்ள ப்ரீஆம்ப். கடைசியாக ஒரு ரிவெர்ப். எனக்கு இப்படி அமைந்தது. ஸ்பீக்கரைத் தனியே தூக்கவும் பிடிக்காதவர்கள் இன்று கிடைக்கும் லேசான காம்போக்களையே பார்க்கலாம். க்வில்டர் நிறுவனம் ஸ்டீலுக்கென்றே செய்த ஸ்டீலேர், காம்போவாகவும் ரேக் வடிவிலும் வந்திருக்கிறது. வாரம் ஒரே கூடத்தில் ஒரே மேடையில் வாசிப்பவருக்கு ரேக் தேவையே இல்லை என்பது என் எண்ணம். இடத்துக்கு இடம் அலைபவருக்கும், ஒன்று கெட்டால் மாற்றிக்கொண்டு ஓட வேண்டியவருக்கும்தான் அது பயன். என் பையின் பக்கவாட்டுப் பையில் உள்ளங்கையளவு பவர் ஆம்ப் ஒன்று எப்போதும் கிடக்கிறது. சிவப்பு விளக்கை நான் மறக்கவில்லை.

புதிய பையையும் அதே எடைக் கருவியில் ஏற்றினேன். 12 கிலோ. மனைவி குனிந்து பார்த்தார். மூன்று கருவிகளுக்கு மேல் 1 யூ இடம் காலியாக இருந்தது.

"இதில் என்ன வரப்போகிறது?" என்றார்.

"ஒன்றும் இல்லை. சூடு வெளியே போகக் காற்றுக்காக விட்டிருக்கிறேன்" என்றேன்.

அவர் நம்பவில்லை.